முக்கால் தீவு

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். அது போதாதென்றால், பிறந்தது முதல் தின்று வளர்ந்த வாலிநோக்கத்து உப்பின் மேலும் ஒரு சத்தியம். எருமையின் முதுகில் புல் முளைத்த இடம் வரும்போது சிலர் புருவத்தைத் தூக்குவார்கள். தூக்கட்டும். புல் முளைத்தது. அருகம்புல்லா, கோரையா என்பதில் மட்டும் இரண்டு கருத்து உண்டு.

சாயல்குடியிலிருந்து மாரியூர் போகிற பாதையில் ஓரிடத்தில் உள்ளே திரும்பினால், கருவ மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் நரிப்பொட்டல் இருக்கிறது. மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற ஊர். கடல் பக்கம்தான். ஆனால் நரிப்பொட்டல்காரர்கள் கடலைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு மட்டும் மாரியூர் போய், முங்கி எழுந்து, இவ்வளவு தண்ணீர் கிடந்தும் ஒரு குழி வயலுக்குப் பாய உதவாது என்று குறை சொல்லிவிட்டுத் திரும்புவார்கள்.

அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கு ஷெரின் டீச்சராக வந்து சேர்ந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். அவள் அப்பா அருளானந்தம் விசைப்படகுக்காரர். பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடலில் போய் முட்டிக்கொண்டு வளர்ந்தவள். இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் கருவமுள் குத்தியது. ஆனாலும் அவள் அசரவில்லை. பாடம் நடத்துவதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. அந்த வழி கையில் இருக்கிறவரை எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினாள்.

வழி இதுதான். முதலில் விதியைச் சொல்லிவிட வேண்டும். பிறகு விதியைப் பிரித்துக் கேள்விகளாக்க வேண்டும். அதற்குப் பொருந்துகிற உதாரணம், பொருந்தாத உதாரணம் இரண்டையும் காட்டி, பொருந்தாதது எந்தக் கேள்வியில் தோற்றது என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் பிள்ளைகள் பாடு. அவர்களே எதையாவது தூக்கிக்கொண்டு வந்து வைத்து, இது உண்டு, இது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பயிற்சி முகாம்களில் இதைத் தலைகீழாகச் சொன்னார்கள். உதாரணங்களை வரிசையாகக் காட்டுங்கள், விதியைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்றார்கள். ஷெரின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், கொடுத்த டீயைக் குடித்தாள், திரும்பி வந்து தன் வழியிலேயே நடத்தினாள்.

“வலைய மொதல்ல கையில குடுத்துருவோம் சார்” என்பாள் தலைமை ஆசிரியர் குருநாதனிடம். “அப்புறம் எது மாட்டுது, எது நழுவுதுன்னு அதுகளே பாக்கட்டும்.”

குருநாதன் நல்ல மனிதர். சட்டைப்பையில் வரிசையாகப் பேனா வைத்திருப்பார். எதையும் முடிவு செய்யப் பயந்து எந்தப் பேனாவையும் திறக்க மாட்டார். “ஏதோ பாத்துச் செய்ங்கம்மா” என்பதுதான் அவர் எப்போதும் தருகிற உத்தரவு.

ஐப்பசி பிறந்த சமயத்தில் ஷெரின் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துத் தீவுப் பாடத்தைத் தொடங்கினாள். கரும்பலகையில் எழுதினாள்: எல்லாப் பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு.

“மூணு கேள்வி” என்றாள். “நிலமா? சுத்தி இருக்கது தண்ணியா? எல்லாப் பக்கமுமா? மூணுக்கும் ஆமான்னா தீவு. ஒண்ணுல தோத்தாலும் தீவு இல்ல. எங்க ஊரு ராமேஸ்வரம்?”

“மூணும் ஆமா டீச்சர். தீவு.”

“மாரியூருக்குத் தெக்க கடலுக்குள்ள இருக்க நல்லதண்ணித் தீவு?”

“தீவு.”

“தனுஷ்கோடி முனையை மட்டும் தனியா எடுத்துக்குவோம். மூணு பக்கம் கடலு. ஒரு பக்கம் ராமேஸ்வரத்தோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.”

நாலாம் வகுப்பு மாரிச்செல்வி எழுந்தாள். பள்ளியில் சத்துணவு சமைக்கிற ராக்குவின் மகள். “மூணாவது கேள்வியில தோத்துருச்சு டீச்சர். தனியாத் தீவு இல்ல.”

“அதுக்குப் பேரு தீபகற்பம். மூணு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெலம்.”

தவசி என்ற பையன் கையைத் தூக்கினான். அவன் கையைத் தூக்கினாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். “பாம்பன்ல பாலம் போட்டுட்டாகல்ல டீச்சர். அப்ப ராமேஸ்வரம் இன்னுமாத் தீவு?”

“பாலம் தண்ணிக்கு மேல போகுதா, தண்ணியத் தள்ளிவிட்டுட்டுப் போகுதா?”

“மேல போகுது.”

“அப்பத் தண்ணி?”

“கீழ கெடக்கு.”

“அப்ப?”

“தீவுதேன்” என்று உட்கார்ந்தான் தவசி, பாலம் கட்டியவர்கள்மேல் கொஞ்சம் வருத்தத்தோடு.

அடுத்து விதியிலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுத்துக் காட்டினாள் ஷெரின். தீவிலிருந்து வேறு நிலத்துக்குப் போக நீரைக் கடந்தாக வேண்டும். “இத மனப்பாடம் பண்ண வேணாம். ஏன் கடக்கணும்? எல்லாப் பக்கமும் தண்ணி. எந்தப் பக்கம் காலு வச்சாலும் தண்ணி. முதல் விதிக்குள்ளயே இது இருக்கு, நாம வெளிய எடுத்துப் பாத்தோம், அம்புட்டுத்தான். இனி உங்க பாடு. நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு கொண்டுவாங்க.”

மறுநாள் மாரிச்செல்வி கொண்டுவந்தது நீர்ப்பாய்ச்சி மாரீஸ்வரனின் எருமையை. எருமையையே அல்ல, எருமையைப் பற்றிய கேள்வியை. மாரீஸ்வரன்தான் ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிறவர், வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவருடைய எருமை கண்மாயில் இறங்கிப் படுத்தால் எழுந்திருப்பதில்லை. படுத்தே கிடந்ததில் முதுகில் சேறு படிந்து, சேறு காய்ந்து மண்ணாகி, மண்ணில் புல் முளைத்துவிட்டது. ஒரு கொக்கு அதில் முட்டையிட்டு அடைகாத்ததை ஊரே பார்த்திருக்கிறது.

“எல்லாப் பக்கமும் தண்ணி டீச்சர். மேல மண்ணு இருக்கு, புல்லு இருக்கு. தீவா, இல்லையா?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஷெரின் மேசையைத் தட்டினாள். “முதல் கேள்வி என்ன? நிலமா? நிலம்னா அடியில தரையோட ஒட்டியிருக்கணும்.”

“எருமைக்குக் காலு தரையிலதான டீச்சர் இருக்கு?” என்றான் தவசி.

“எந்திரிச்சுப் போயிட்டா?”

“அது போகாது டீச்சர். போன பொங்கலுக்கு எந்திரிச்சது.”

“போகுதோ போகலையோ, போக முடியும்ல? நகரக்கூடியது நிலம் ஆகாது. முதல் கேள்வியிலயே தோத்துருச்சு. எருமை தீவு இல்ல.”

தீர்ப்பைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். கொக்குக்குச் சொல்ல மட்டும் யாருமில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு பொருளும் தப்பவில்லை. மதியம் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிச் சாம்பாரை ஊற்றி, பிள்ளைகள் வாய் வைக்காமல் விசாரணை நடத்தினார்கள். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த குருநாதனைச் சுற்றிச் செம்புத் தண்ணீரால் வட்டம் போட்டு, அவர் இரண்டு கேள்வியில் தேறி ஒரு கேள்வியில் தோற்றார் என்று அறிவித்தார்கள்.

“ஏலே, சோறு ஆறுதுலே! தின்னுட்டுத் தீவு பாருங்க” என்று ராக்கு அகப்பையை ஓங்கினாள். “டீச்சர், இதுகளுக்கு என்னத்தக் குடுத்தீக? நேத்து எம்மக, வாளிக்குள்ள கெடக்குற சோப்பு தீவு இல்லைன்னு ஒரு மணி நேரமா நிரூபிக்கிறா. துணி அப்படியே கெடக்கு.”

“ஏன் இல்லைன்னு சொன்னா?”

“நகருதாம்ல.”

ஷெரினுக்கு வந்த சிரிப்பில் பெருமையும் இருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செய்தி வந்தது. குருநாதன் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி பையில் வைத்தார்.

“பிள்ளைக எண்ணிக்கை பத்தலையாம்மா. பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்தோட நம்ம பள்ளிக்கூடத்த இணைச்சிரப் போறாகளாம். வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி வாராரு. பாத்துட்டு, அங்கனயே முடிவு சொல்லிருவாராம்.”

ராக்கு கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். பக்கத்து ஊர் என்றால் ரோட்டுக்கு ஏறி, கருவங்காட்டைத் தாண்டி, அந்தப் பக்கம். “அம்புட்டுத் தூரம் எம்மகள அனுப்ப அவுக அய்யா சம்மதிக்க மாட்டாரு டீச்சர். நாலாவதோட நின்னுரும். இவ ஒருத்தியா? ஒண்ணாப்புல கெடக்குற சுண்டெலிகள யாரு கூட்டிப் போவா? ஆட்டுக்குப் பின்னாடி போகச் சொல்லிருவாக.”

“தப்பிக்க ஒரு வழிதான் இருக்கு” என்றார் குருநாதன், இருப்பதற்காக வருத்தப்படுகிறவர்போல. “இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகத் தண்ணியக் கடந்தாகணும்னா இணைக்கக் கூடாதாம். தீவு மாதிரி. நமக்கு எங்க அது பொருந்தப் போகுது?”

குடம் தூக்கி வந்த மாரிச்செல்வி குடத்தை இறக்காமலே நின்று கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது மழை. எப்படிப்பட்ட மழை என்றால், நனைந்த காக்கைகள் காய இடமில்லாமல் வகுப்புக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தன. பெயர் கூப்பிட்டபோது அவையும் ஒரு குரல் கொடுத்தன. அதைக் கேட்ட குருநாதனுக்கு எண்ணிக்கை விஷயத்தில் ஒரு நப்பாசை வந்து போனது. நரிப்பொட்டல் கண்மாய் நிரம்பி அலையடித்தது. மேட்டுக்கு வடக்கே கண்மாய்த் தண்ணீர் ஏறி நின்றது. கிழக்கே ஓடை. தெற்கே பள்ள வயல்கள் எல்லாம் ஒரே வெள்ளம். மேற்கே மட்டும் மெயின் ரோட்டுக்குப் போகிற சிமெண்ட் பாதை, நனைந்த சிலேட்டு மாதிரி பளபளவென்று, காலில் சகதி ஒட்டாமல் நடக்கும்படி கிடந்தது.

வியாழக்கிழமை மாலை பிள்ளைகள் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு முட்டிவரை சேறோடு வந்து நின்றார்கள்.

“நிலம், ஆமா. தண்ணி, ஆமா” என்றாள் மாரிச்செல்வி. குரல் இறங்கியது. “மூணு பக்கம் டீச்சர்.”

“அப்ப?”

“தீபகற்பம்.”

“சரியான விடை.”

“டீச்சர், முக்கால் தீவுன்னு வச்சுக்குவோமா?”

“முக்கால் தீவுன்னு ஒண்ணு கிடையாது மாரிச்செல்வி.”

குருநாதன் ஷெரினைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினார். “மழைக்குத் தீவு மாதிரி ஆயிருதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா. அவரு என்ன ஊரச் சுத்தியா பாக்கப் போறாரு?”

பள்ளி மூடப்பட்டால் ஷெரினுக்கு ஒன்றும் இல்லை, வேறு ஊருக்கு மாற்றல் வரும். போகிறது மாரிச்செல்வியின் படிப்பு. அதுவும் ஒரே ஒரு பக்கத்துக் குறையில். ஆனாலும் சொன்னாள்: “விதியப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது நானு. அதுக கண்ணு முன்னாடி நானே அத வளைச்சா, நாளைக்கு நான் எழுதுற எந்த விதிய அதுக நம்பும்? கேட்டா தீபகற்பம்னே சொல்லட்டும் சார். எப்படிச் சொல்லுதுகன்னு பாத்தாலே அவருக்கு மூட மனசு வராது.”

“மனசுன்னு உத்தரவுல ஒண்ணும் போடலையேம்மா” என்றார் குருநாதன்.

இந்தப் பேச்சு அன்று சாயங்காலமே ராக்கு வழியாக மாரீஸ்வரனிடம் போய்ச் சேர்ந்தது. மாரீஸ்வரன் யாருக்கும் முறை தவறி ஒரு கை தண்ணீர் விட்டவரில்லை. சொந்தத் தம்பி வயல் காய்ந்தபோதும் “உன் முறை செவ்வாய்க்கிழமை” என்றவர். ராக்கு சொன்னதை அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

“டீச்சருக்கு எத்தன பக்கம் குறையுதாம்?”

“ஒரு பக்கம் அண்ணே.”

“எந்தப் பக்கம்?”

“மேக்க.”

“அம்புட்டுத்தானா? ஒரு பக்கம் பத்தலைன்னு ஒரு பிள்ளைய அனுப்பிச் சொல்லிருந்தா அன்னைக்கே விட்டுருப்பேன்ல? கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்கு பாவம்” என்றார், பக்கத்து வீட்டுக்கு உழக்கு அரிசி கொடுக்கிறவர்போல. பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “அவரு உள்ள வந்தப்புறம் விடவா, வாரதுக்கு முன்னாடி விடவா?”

ராக்குவோடு வந்திருந்த மாரிச்செல்வி யோசித்தாள். “வந்தப்புறம் மாமா. முன்னாடியே விட்டா, தண்ணியப் பாத்துட்டு அங்கிட்டே திரும்பிருவாரு.”

வெள்ளிக்கிழமை அதிகாரி யோகேஸ்வரன் வெள்ளைக் காரில் அந்தப் பளபளப்பான பாதை வழியாகவே வந்தார். ஒல்லியான மனிதர், செருப்பில் சகதி படாமல் இறங்கியதில் அவருக்கே ஒரு திருப்தி. ஷெரினின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்தார். காக்கைகள் நகர்ந்து இடம் கொடுத்தன.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “விதிய நீங்களே முதல்ல சொல்லிட்டா, பிள்ளைக எதக் கண்டுபிடிக்கிறது டீச்சர்? உதாரணத்துலேர்ந்துல்ல மேல போகணும்.”

“கண்டுபிடிக்க நெறைய இருக்கு சார். விதி எங்கெங்க பொருந்துதுன்னு ஊரு பூராத் தேடுதுக. கேட்டுப் பாருங்க.”

“கேக்குறேன்.” அவர் எழுந்து வந்தார். மாரிச்செல்வியைப் பார்த்தார். “தீவுன்னா என்ன?”

சொன்னாள். மூன்று கேள்வியையும் சொன்னாள்.

“கடல்ல நங்கூரம் போட்டு நிக்குது ஒரு கப்பல். எல்லாப் பக்கமும் தண்ணி. தீவா?”

“நகரக்கூடியது நிலம் ஆகாது சார். நீர்ப்பாய்ச்சி மாமா எருமை கேஸ்தான்.”

“எது?”

“எருமை சார். முதுகுல புல்லு இருக்கும்.”

யோகேஸ்வரன் அதை விசாரிக்க விரும்பவில்லை. “பெரிய பாறை ஒண்ணு ஓடைக்கு நடுவுல நிக்குது. கோடையில ஓட வத்திருது.”

“மழைக்குத் தீவு சார். கோடைக்கு மூணு கேள்வியையும் திரும்பக் கேக்கணும்.”

அவர் ஷெரினை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பிதுக்கல் இல்லை. ஆனால் வந்த வேலை பாக்கியிருந்தது. “சரி. கடைசியா ஒண்ணு. நீ கண்ணால பாத்த தீவு ஒண்ணு சொல்லு.”

நல்லதண்ணித் தீவு என்பாள் என்று எதிர்பார்த்தாள் ஷெரின்.

“இந்த ஊரு சார்” என்றாள் மாரிச்செல்வி.

வந்த நாளிலிருந்து அசையாத ஷெரினின் தைரியம் அந்த ஒரு நொடி ஆடியது. பிள்ளை பொய் சொல்கிறது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற, டீச்சர் கொடுத்த விதியையே உடைத்துவிட்டது. மூடினாலும் பரவாயில்லை, இதை விடக்கூடாது.

“மாரிச்செல்வி, நாலாவது பக்கம் என்ன?” என்றாள், குரலை இறுக்கி.

“பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர்.”

யோகேஸ்வரன் சிரித்தார். “அந்தப் பக்கமாத்தானம்மா நான் கார்ல வந்தேன்!”

“நீங்க வரும்போது தீபகற்பம் சார். இப்பத் தீவு.”

எல்லோரும் வெளியே போனார்கள். சிமெண்ட் பாதை ஊர் எல்லைவரை வந்து, தண்ணீருக்குள் இறங்கி, அக்கரையில் மெயின் ரோட்டுப் பக்கம் மறுபடி ஏறியது. நடுவில் கண்மாய்த் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பனைமரம் ஒன்று அதில் இடுப்பளவு நின்றது; பனைக்கு இடுப்பு எங்கே என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். யோகேஸ்வரன் நம்பாமல் செல்போனில் வரைபடத்தைத் திறந்தார். அவர் நிற்கிற இடத்தைக் காட்டுகிற நீலப் புள்ளி, நாலு பக்கமும் நீலத்துக்கு நடுவே நின்றது.

மண்வெட்டியைத் தோளில் போட்டபடி மாரீஸ்வரன் கரையில் நின்றிருந்தார். வேட்டியைத் தழைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“கும்பிடுறேன் டீச்சர். நாலாவது பக்கம் சரியா இருக்கா பாருங்க. பத்தலைன்னா இன்னொரு மடையும் இருக்கு.”

ஷெரின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது வேணும்னே தொறந்துவிட்ட தண்ணி!” என்றார் யோகேஸ்வரன்.

“ஆமாய்யா” என்று ஒப்புக்கொண்டார் மாரீஸ்வரன். “தானா வாரதுக்கு நேரம் பத்தல.”

“இது எப்படித் தீவு ஆகும்?”

அவர் கேட்டது மாரீஸ்வரனை. பதில் சொன்னது மாரிச்செல்வி. “தண்ணி யாரு விட்டதுன்னு விதியில இல்லையே சார்.”

யோகேஸ்வரன், யாரும் கேட்காமலே, விரலை மடக்கினார். “நிலம்... ஆமா. தண்ணி... ஆமா.” மேற்கே ஒரு முறை, கிழக்கே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது விரல் வெகு நேரம் நின்றது. பிறகு அதுவும் மடங்கியது.

“உதாரணத்துலேர்ந்து ஆரம்பிச்சிருந்தா, இந்நேரம் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றார் ஷெரினிடம்.

காரை எடுக்க வழியில்லை. மதியம் ராக்கு அவருக்கும் ஒரு தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிச் சாம்பாரை விட்டாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தின்னுங்க சார், ஆறிரும்.”

“இரும்மா” என்றார் அவர். “முதல் கேள்வியிலயே தோத்துருது. நிலம் இல்ல.” அதற்குப் பிறகே கை வைத்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், சார் தேறிவிடுவார்.

பள்ளி விடுகிற நேரம் ஆயிற்று. அவர் ஊருக்குப் போயாக வேண்டும். தோணி வைத்திருக்கிற ஊரா நரிப்பொட்டல்? மாரீஸ்வரன் கண்மாய்க்குள் இறங்கி, எருமையின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை அவர் யாருக்கும் சொன்னதில்லை. எருமை எழுந்தது. மேற்கே போகும்படி திருப்பிவிட்டார். அது ஓடத்தைப்போல வந்து கரையில் ஒட்டி நின்றது. யோகேஸ்வரன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, புல்லை மிதிக்காமல் ஏறி உட்கார்ந்தார். கொக்கு அவருக்கு முன்னால் நின்று வழி பார்த்தது.

“சார், முடிவு?” என்று குருநாதன் கரையிலிருந்து கத்தினார்.

எருமை நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. அவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

“தண்ணியக் கடந்துதான போய்க்கிட்டு இருக்கேன், இன்னும் என்னய்யா முடிவு? இந்தப் பள்ளிக்கூடத்த எதோடயும் இணைக்க முடியாது!”

கரையில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். ராக்கு மாரிச்செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்கு அவள் வளர்ந்துவிட்டிருந்தாள், இருந்தாலும் வைத்துக்கொண்டாள். குருநாதன் ஒரு பேனாவைத் திறந்து, வாழ்நாளில் முதல்முறையாக மூடாமல் பையில் வைத்தார். சட்டை நீலமானது.

தவசி மட்டும் கைகளை வாயில் குவித்து ஒரு கேள்வியை அனுப்பினான். “சார்ர்! இப்ப நீங்க உக்காந்திருக்கது தீவா?”

அக்கரையை நெருங்கிவிட்ட அதிகாரியின் குரல், தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. “இல்லலே! இது நகருது!”

“சரியான விடை” என்றாள் ஷெரின்.

அவருடைய கார் தை மாதம் தண்ணீர் வடிகிறவரை பள்ளிக்கூட வாசலிலேயே நின்றது. ராக்கு அதன் கூரையில் கொத்தவரை வற்றல் காயவைத்தாள். அந்தக் கூரையில் காய்ந்த வற்றலுக்குத் தனி ருசி என்று சாயல்குடிவரை பேச்சு. நரிப்பொட்டல் பள்ளியில் இன்றும் மணி அடிக்கிறது. மாரிச்செல்வி ஐந்தாம் வகுப்புக்குத் தேறி, இப்போது எல்லாவற்றையும் பார்த்து “நிலமா?” என்று தொடங்குகிற சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறாள். ஷெரின் கரும்பலகையில் அடுத்த விதியை எழுதிவிட்டாள். அது பாலைவனத்தைப் பற்றியது. ஊரார் அவளிடம் முன்கூட்டியே வந்து, இதற்கு எத்தனை பக்கம் என்ன வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதே வாலிநோக்கத்து உப்பின் மேல் கடைசியாக இன்னொரு சத்தியமும் உண்டு: அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நரிப்பொட்டலில் ஒரு துளி மழை பெய்யவில்லை.